சீட்டுக் கவருக்கு அடியில்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அந்த மனிதருக்கு மனைவி வீட்டார் வைத்த பெயர் ‘டிஷ்யூ’. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் துடைப்பார், டம்ளரின் விளிம்பைத் துடைப்பார், கடைசியில் துடைத்த விரல்களையே துடைப்பார். கல்யாணப் பந்தியில் இதைப் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீடு வந்து சேர்வதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் பார்த்த வேலையும் அப்படி. ஊரார் மூக்கில் உட்கார்ந்திருந்த கண்ணாடிகள்தான் நாள் முழுக்க அவர் கைக்கு வரும். மூக்குத் தாங்கியின் இடுக்கில் வியர்வையும் பவுடரும் உதிர்ந்த தோலும் சேர்ந்து பச்சையாக ஒரு பிசுக்கு படிந்திருக்கும். வாடிக்கையாளர் எதிரில் முகம் சுளிக்க முடியாது. சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு உள்ளே போய், மூச்சைப் பிடித்தபடி சோப்புத் தண்ணீரில் போட்ட பிறகுதான் மூச்சு விடுவார். எவ்வளவு அழுக்காக வந்த பொருளும் பளிச்சென்று வெளியே போகிறதே என்ற ஒரு திருப்திதான் அவரை அந்த வேலையில் நிறுத்தி வைத்திருந்தது.

மகள் பிறந்தபோது, பிள்ளைக்குக் கால் கழுவிவிடும் வேலை வந்தால் மனுஷன் வீட்டை விட்டே ஓடிவிடுவார் என்று உறவில் எல்லாரும் கேலி பேசினார்கள். அவர் ஓடவில்லை. குமட்டிக்கொண்டே செய்தார், கண்ணில் நீர் வழியச் செய்தார். ஆனால் செய்தார்.

குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியபோது ஒரு சின்னக் கார் வாங்கினார்கள். காருக்கும் குழந்தைக்கும் ஆகவில்லை. வண்டி நாலு முறை வளைந்து திரும்பினால் போதும், குடித்த பாலெல்லாம் அம்மாவின் மடியில் இருக்கும். அதையாவது துடைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் குறுக்கே வந்த நாய்க்காக அவர் பிரேக்கை அழுத்த, பின்சீட்டில் அம்மா மடியில் இருந்த குழந்தை வழுக்கிப் போய் முன்சீட்டின் முதுகில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வீங்கிய நெற்றியைப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர், மடி என்பது காரில் பாதுகாப்பே இல்லை, முதலில் பிள்ளைக்கென்று காரில் பொருத்தி வார் போட்டுப் பூட்டுகிற தனிச் சீட்டு ஒன்று வாங்குங்கள் என்று கடுமையாகச் சொல்லி அனுப்பினார்.

மனைவி இதைத் தன் அண்ணனிடம் போனில் சொன்னாள். பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர் அவர். மறுநாளே ஒரு சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தன் பையன் உட்கார்ந்த சீட்டாம், நல்ல கம்பெனிச் சாமானாம், புதிது வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாமாம்.

சீட்டு வாசலைத் தாண்டும்போதே நாறியது. மூடி வைத்து மறந்துபோன பால் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. அதன்மேல் ஏதோ ஸ்ட்ராபெரி வாசனையை அடித்துக்கொண்டு வந்திருந்தார். புளித்த பாலும் ஸ்ட்ராபெரியும் கலந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நம் ஆள் ஜன்னலைத் திறந்துவிட்டார். மச்சான் தேநீர் குடித்து முடிக்கும் வரை ஜன்னல் ஓரமாகவே நின்றார்.

விடுமுறை நாளில் மூக்கைச் சுற்றித் துணி கட்டி, கையுறை மாட்டி, பால்கனியில் சீட்டோடு உட்கார்ந்தார். அந்தச் சீட்டைச் செய்தவன் பிள்ளை பெற்றவனாக இருக்க முடியாது. கவரை எடுக்க வேண்டுமென்றால் வார்களைப் பின்பக்கம் அவிழ்த்து, ஒவ்வொரு துளை வழியாகவும் உருவ வேண்டும். அதனாலேயே மச்சான் வீட்டில் யாரும் ஒரு தடவைகூட அதைக் கழற்றியிருக்கவில்லை.

கவர் பிசுபிசுவென்று உரிந்து வந்தது. அடியில் பிஸ்கட் ஊறிச் சேறாகி, சேறு காய்ந்து பாளமாகியிருந்தது. தயிராகி மஞ்சள் பூத்த பால். முடி ஒட்டிய மிட்டாய் ஒன்று. என்றைக்கோ வாழைப்பழமாக இருந்த கறுப்பு வஸ்து ஒன்று. அதை நெம்பியபோது வெள்ளையாகச் சில புழுக்கள் வெளிச்சம் பிடிக்காமல் நெளிந்தன. வாரைப் பூட்டும் பக்கிளுக்குள் ஜூஸ் இறுகிப்போய், வாரின் உலோக நாக்கு பாதி வரைக்கும்தான் உள்ளே போனது. அவர் இரண்டு தடவை எழுந்து போய் வாஷ்பேசினில் குனிந்துவிட்டு வந்தார். என் மகள் இதன்மேல் தலை சாய்த்துத் தூங்கியிருப்பாளே என்று நினைத்தபோது மூன்றாவது தடவையும் போனார்.

எல்லாவற்றையும் வழித்துத் துடைத்த பிறகுதான் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டின் முதுகில் அகலமான டேப் ஒன்று கண்ணில் பட்டது. பிளாஸ்டிக்கின் நிறத்திலேயே டேப். நகத்தால் பிரித்தார். உள்ளே ஒரு விரிசல், பிள்ளையின் விலா படும் இடத்திலிருந்து கழுத்து படும் இடம் வரை. அதன் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருந்தது. மோதலைத் தாங்குவதற்காக உள்ளே வைத்த தெர்மாகோலும் இரண்டாகப் பிளந்திருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து எது வந்தாலும் உங்களுக்குக் குறைதான், தூக்கும்போது எங்காவது பட்டிருக்கும் என்றாள். பிறகு டேப்பை எடுத்து உற்றுப் பார்த்தாள். தற்செயலாக விரிசல் விட்டதற்கு யார் அவ்வளவு அளவாக வெட்டி டேப் ஒட்டுவார்கள்? போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே, சீட்டு உடைஞ்சிருக்கு. டேப் ஒட்டிருக்கு. என்ன ஆச்சு?”

“அதுவா? பின்னாடி ஒருத்தன் வந்து நம்ம காரை இடிச்சான். நம்ம பையனுக்குத்தான் ஒண்ணும் ஆகலயே.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?”

 சலித்துக்கொண்ட குரலில் பதில் வந்தது. “மாப்பிள்ளை கவரைக் கழட்டுவாருன்னு யாருக்குத் தெரியும்?”

மனைவி போனை வைத்தாள். அவருக்கு அந்தப் புழுக்கள் பரவாயில்லை என்று தோன்றியது. புழு அதன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். சொந்தத் தங்கை பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் விரிசலை வைத்து, அதற்கு நிறம் பார்த்து டேப் ஒட்டி, ஸ்ட்ராபெரி அடித்துக் கொண்டுவந்த அந்தக் கைகளை நினைத்துத்தான் குமட்டியது. அந்தக் கையில் தேநீர் கொடுத்தோமே என்று வேறு இருந்தது.

அன்று மாலையே மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் முதலில் வெள்ளை வெளேரென்று, பொம்மைக் கரடி மாதிரிப் புசுபுசுத்த ஒன்றைக் காட்டினாள். அதில் ஒரு வாய்ப் பால் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தவர் கிட்டேயே போகவில்லை. அடுத்தது வழுவழுப்பான ரெக்சின். இடுக்கே இல்லை, ஒரே துடைப்பில் எல்லாம் போய்விடும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கியே தீருவது என்று முடிவு கட்டியவரை மனைவிதான் நிறுத்தினாள். அதைக் காரில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். பெல்ட்டை எவ்வளவு இறுக்கியும், கையால் அசைத்தால் சீட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும் என்றாள் கடைப்பெண்.

“இது கொஞ்சம் இல்லம்மா” என்றாள் மனைவி.

மூன்றாவது சீட்டு ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் சரியாக இருந்தது. வார் தோளில் படிந்தது, பக்கிள் ‘டக்’கென்று பூட்டியது. ஆனால் துணிக் கவர், எங்கு பார்த்தாலும் தையல், தையலுக்குத் தையல் பள்ளம். வாரை உருவாமல் கவரை மட்டும் கழற்றி மெஷினில் போடலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். வார்களை ஊறவைக்கக் கூடாது, பிளீச் போடக் கூடாது, ஈரத் துணியால் துடைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நூல் வலுவிழந்துவிடும் என்றும் கடைப்பெண் சொன்னாள். வாந்தி ஊறிய வாரைத் துணியால் மட்டும் துடைப்பதா!  ரெக்சினை ஏக்கத்தோடு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“இதையே எடுத்துக்கலாம். நாத்தத்தைக் கழுவிக்கலாம்” என்றார்.

பழைய சீட்டை அப்படியே குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. யாராவது எடுத்துப் போய்ப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டால்? கத்தரிக்கோலால் வார்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓட்டின்மேல் ‘விபத்தில் உடைந்தது’ என்று பெரிதாக எழுதிப் போட்டார். இதைக் கேள்விப்பட்ட மச்சானுக்கு ஆத்திரம். வேண்டாமென்றால் திருப்பித் தந்திருக்கலாமே, நான் வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருப்பேனே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புதுச் சீட்டு ஒரு வாரம்கூடப் புதிதாக இருக்கவில்லை. மலைச் சாலையில் முதல் வளைவுகளிலேயே குழந்தை தன் வேலையைக் காட்டிவிட்டாள். அது தையல் தையலாக இறங்கிப் பக்கிள் வரைக்கும் போய்விட்டது. அவர் வண்டியை ஓரம் கட்டி, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலும் பழைய பல்துலக்கும் பிரஷுமாகக் குனிந்தார். வாரை அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். நடுவில் சாலையோரம் போய் ஓங்கரித்துவிட்டு வந்தார். பாதி செரித்த ரொட்டித் துணுக்கைப் பக்கிளிலிருந்து பிரஷால் எடுத்தபோது உடம்பெல்லாம் கூசியது. மனைவி பின்னாலிருந்து ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை மட்டும், அப்பா ஓங்கரிப்பது விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினாள்.

சில மாதங்கள் கழித்து உறவில் ஒரு கல்யாணத்துக்காக மச்சான் காரோடு வந்து நின்றார். எதுவுமே நடக்காத மாதிரி மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். உங்கள் வண்டி சின்னது, பிள்ளை என் வண்டியில் மடியில் உட்கார்ந்து சொகுசாக வரட்டும் என்று குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார்.

மனைவி நடுவில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“இல்லண்ணே. அவ எங்க கூடத்தான் வருவா. நீ முன்னாடி போ.”

அண்ணன் முகம் சுருங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவள் குழந்தையைச் சீட்டில் உட்கார வைத்து, வாரை இழுத்து, சரியாக இறுகியிருக்கிறதா என்று விரலைக் கொடுத்துப் பார்த்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார். துவைத்த துணியையும் மீறி இன்னும் லேசாகப் புளித்த பால் வாடை வந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.