வீலின் உள்பக்கம்

கண்ணை மூடிக்கொண்டு, வீலின் விளிம்பில் இடது கைக் கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டு போகிறார் சர்தார் பாய். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. "இங்க ஏறி, இங்க எறங்கியிருக்குது" என்கிறார். பிறகுதான் கண்ணைத் திறக்கிறார். தேய்ந்த பள்ளத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தால் கிரிவலப் பாதையின் ஓரக்கல். சிமென்ட் சாம்பல் என்றால் ரோட்டின் நடுத்தடுப்பு. செங்கல் பொடி என்றால் சொந்த வீட்டு வாசல். வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் எங்கே உரசியது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வேங்கிக்காலில் ராஜமாணிக்கத்தின் பஞ்சர் கடையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. கார்களின் அலாய் வீலில் ஓரக்கல் உரசி விழுந்த கீறல்களைச் சரிசெய்வது மட்டுமே தொழில். டிங்கரிங் கிடையாது, பாடிக்குப் பெயிண்ட் அடிப்பது கிடையாது. "வண்டி ஓடறதுக்கு இதனால ஒரு கொறையும் இல்ல. ஓட்டறவனுக்குத்தான் தூக்கம் வராது" என்பார். விரிசல் விட்ட வீலைக் கொண்டுவந்தால் தொடமாட்டார். "இது தோல் கேஸ் இல்லீங்க, எலும்பு கேஸ். வேற எடம் பாருங்க." பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊர் நிறையக் கார்கள் வந்து, கிடைத்த சந்தில் எல்லாம் நுழைந்து திரும்பிப் போகும். மறுநாள் காலை கொட்டகை வாசலில் நாலைந்து வண்டிகளாவது நிற்கும். "எங்களுக்கு வருஷத்துல ரெண்டு பெருநாள். எனக்கு மட்டும் மாசத்துக்கு ஒண்ணு."

கீறல் விழுந்தால் வீலையே மாற்றிவிடும் ஊர்களையும், அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டிப் போகும் ஊர்களையும் பார்த்திருக்கிறேன். குனிந்து தடவிப் பார்த்து மனம் நோகிறவர்களை இந்தக் கொட்டகையில்தான் இவ்வளவு பேராகப் பார்க்கிறேன்.

டயரை அவர் கழற்றுவதில்லை. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயருக்கும் வீலுக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சுற்றிலும் செருகுவார். பெயிண்ட் டயரில் படாமல் இருக்க வழவழப்பான, கனத்த அட்டைதான் வேண்டுமாம். "இப்பல்லாம் சோத்தவிட பத்திரிகைக்குத்தான் செலவு ஜாஸ்தி. நமக்கு நல்லதாப் போச்சு." சாமி படமோ, 786ஓ, சிலுவையோ இருக்கும் பகுதியை முதலிலேயே வெட்டித் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுவார். மிச்சம் இருப்பது மணமக்களின் படிப்புதான். பி.ஈ., எம்.பி.ஏ., பி.பார்ம். என்று பட்டங்கள் வட்டமாக எழுந்து நிற்க, நடுவில் அவர் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளி நிறத்தில் மட்டும் அவரிடம் பதினான்கு வகை உண்டு. டியூப்லைட்டை நம்பமாட்டார். அட்டைத் துண்டில் அடித்து, வீலையும் உருட்டிக்கொண்டு வெயிலுக்குப் போய் ஒட்டிப் பார்ப்பார். கொஞ்சம் கறுப்பு கலப்பார், இன்னும் கொஞ்சம் கறுப்பு. தெருவில் போகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். நகரமாட்டார்.

வருகிறவர்கள் யாரும் தாங்கள் இடித்ததாகச் சொல்வதில்லை. டிரைவர், லாட்ஜ் வாட்ச்மேன் மேல் பழி சொல்வார். முதலாளி, டிரைவர் மேல் சொல்வார். சர்தார் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். "ஒம்போது வருஷமாப் பாக்கறேன், ஒருத்தரும் இடிச்சதே கெடையாது. வண்டிங்களே போய் இடிச்சிக்குது." யார் வண்டி, யார் கொண்டுவந்தது என்பது அந்தக் கொட்டகையைத் தாண்டாது.

"இன்னா பாய், நேத்து வந்த நீலக் கலர் வண்டி யாருது?" என்று ராஜமாணிக்கம் கொக்கி போடுவார்.

"நீலமா? நமக்கு வீல் கலர் மட்டுந்தாம்பா தெரியும்."

வேலை முடிந்ததும் வீலின் உள்பக்கத்தில், மாட்டிவிட்டால் எவர் கண்ணிலும் படாத இடத்தில், மகள் மெஹ்விஷ் தூக்கிப்போட்ட நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பார். ஒரு தடவை சரிசெய்தால் ஒரு பொட்டு. பெயிண்ட் உரிந்து திரும்பி வந்தால், தன் கை வேலைதானா என்று தெரியவேண்டுமாம்.

போன புதன்கிழமை காலை, என் ஸ்கூட்டருக்கு டியூப் மாற்றுவதற்காக ராஜமாணிக்கத்தின் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளைக் கார் தயங்கித் தயங்கி வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் ரேவதி, தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர்.

"பாய், லெப்ட்ல பின்னாடி வீல். நாந்தான் இடிச்சேன்" என்றாள்.

சர்தார் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் ராஜமாணிக்கமும் டியூபிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் சென்னைலேர்ந்து வந்துடுவார். அதுக்குள்ள ஆவுமா?"

"மூணு மணி நேரம். ஆவும்மா."

சர்தார் வீலைக் கழற்றி, வழக்கம்போல் புரட்டி உள்பக்கம் பார்த்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு உள்பக்கம் தரையைப் பார்க்கும்படி சாக்கின்மேல் படுக்க வைத்து, பத்திரிகைகளைச் செருக ஆரம்பித்தார்.

ரேவதி ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். "திட்டமாட்டார் பாய். குனிஞ்சு வீலப் பாப்பார், அப்பறம் என்னப் பாப்பார். அவ்ளோதான்."

"ம்."

"ஆறு மாசம் முன்ன ஷோரூம்ல எடுத்தது. அவரத் தவிர வேற யாரும் ஓட்டுனதில்ல. ஒரு கோடு விழுந்திருக்குமா? நான் ஓட்ட ஆரம்பிச்சு மூணாவது நாளே இப்படி."

"ம்."

"இருந்தமாதிரி கொண்டுபோய் நிறுத்திட்டு, சாவிய அவருகிட்டயே குடுத்துடப் போறேன். எனக்கு வராது. பழையபடி ரெண்டு பஸ்ஸு மாறிப் போய்க்கிறேன்."

உப்புத்தாள் நின்றது. "இங்க வரைக்கும் யாரும்மா ஓட்டினு வந்தது?"

"நாந்தான்."

சர்தார் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. ரேவதி கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். எந்த இடம் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கொஞ்சம் இங்க வாங்கம்மா." சர்தார் வீலைத் தூக்கி நிறுத்தி, உள்பக்கத்தை அவள் பக்கம் திருப்பியிருந்தார். ஒரு கையில் செல்போன் டார்ச், இன்னொரு கையில் நெயில் பாலிஷ்.

"இது இன்னாத்துக்கு பாய்?"

"நான் சரி பண்ற வீலுக்கு ஒரு பொட்டு வெப்பேன். ஒரு தடவைக்கு ஒண்ணு."

வைத்தார். சிவப்பு பளபளத்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, பிரேக் தூசி படிந்து மங்கிப்போன இன்னொரு சிவப்புப் பொட்டு இருந்தது.

ரேவதி குனிந்தாள். இன்னும் குனிந்தாள். "பாய், இது..."

சர்தார் ஈரம் காயாத புதுப் பொட்டின்மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் பழைய பொட்டின் மேலேயே நின்றது.