பங்கருக்குள் ஒரு வாங்கு

மகள் சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்துவைத்து, தன்னோடு படிக்கும் சீனப் பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைய சொல் பங்கர்.

“அப்பா, ஸ்கொட்லாந்தில முதல்ல வாங்கைத்தான் இப்பிடிச் சொன்னவையாம். தெரியுமோ?”

கழுவிய கோப்பை என் கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் பங்கருக்குள்ளும் குந்தியிருக்க ஒரு நீள வாங்கு இருந்தது.

எட்டு வயதில் பங்கர் என்பதை நான் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தேன். கிணறு, அடுப்படிபோல அதுவும் யாழ்ப்பாணத்து வளவில் ஒன்று. இந்த ஹம் நகருக்கு வந்து, பழைய போர்க்காலக் கொங்கிரீட் சுவர் ஒன்றில் அந்தச் சொல்லை வாசித்தபோதுதான் அது எங்களுடையதில்லை என்று தெரிந்தது.

குண்டுவீச்சுக்கு ஒளிய, அப்பா பலாமரத்தடியில் குழி வெட்டிப் பனங்குற்றியால் மூடியிருந்தார். உள்ளே ஈரமண் வாசம். நாங்கள் வரிசையாக இருக்க, விறாந்தையில் கிடந்த மர வாங்கையும் இறக்கியிருந்தார்.

ஒருநாள் விமானம் இரைய, எல்லோரும் உள்ளே ஓடினோம். அம்மா மட்டும் அடுப்படிக்குத் திரும்பினார்.

“வாங்கில இரடா, தலை இடிக்கப் போகுது,” என்றார் அப்பா.

“அம்மா வரட்டும்.”

எங்கோ குண்டு விழுந்து, தலையில் மண் உதிர்ந்தது. நான் குனிந்தபடியே நின்றேன். கடைசியில் படியில் அம்மாவின் கால்கள் தெரிந்தன. கையில் ஆவி பறக்கும் நீத்துப்பெட்டி.

“அவிஞ்ச புட்டைக் குண்டு போடுறவனுக்கு விட்டிட்டு வாறதே?” என்று சிரித்தார். அதன் பிறகுதான் நான் வாங்கில் இருந்தேன்.

“அப்பா, இவளுக்கு எழுத பங்கர் வைச்சு ஒரு வசனம் சொல்லுங்கோ,” என்றாள் மகள்.

பயந்துவிடுவாள் என்று அந்தக் கதையை இத்தனை காலம் அவளுக்குச் சொல்லாமலே இருந்தேன். கதிரையை இழுத்து அவளருகில் இருந்தேன்.

“வசனம் கொஞ்சம் நீளம், பிள்ளை. அவளையும் லைனில நிக்கச் சொல்லு.”