இரண்டு தம்பிகளும் ஒரு தீர்ப்பும்

காவியத்தில் அரக்க மன்னனின் தம்பி அண்ணனைப் பிரிந்து பகைவரிடம் அடைக்கலம் புகும் பகுதியை வீட்டுக்குள் வாய்விட்டுப் படித்தால் உடன்பிறந்தார் பிரிவார்கள் என்று எங்கள் குடும்பம் அந்நாளில் நம்பியது. புரட்டாசி மாதக் காலைகளில், கடை திறக்கும் முன், அப்பா காவியம் வாசிப்பார். அந்த இடம் வந்ததும் பக்கங்களை மொத்தமாகப் புரட்டிவிட்டு நேரே போருக்குப் போய்விடுவார். ஒருமுறை சித்தப்பா அதைப் பிடிவாதமாக உரக்கப் படித்தார். அடுத்த புரட்டாசியில் அவர் எங்கள் வீட்டில் இல்லை. நம்பிக்கைக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

உண்மையில் பிரித்தது ஒரு சந்து. பழனி அடிவாரத்தில் எங்கள் பூசைப் பொருள் கடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்த அதை அப்பா தமதென்று வழக்காடினார். "அது நம்ம எடமில்லண்ணே" என்று சித்தப்பா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. கடைசியில் கோர்ட்டில் ஏறிப் பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சாட்சி சொன்னார் சித்தப்பா. அப்பா வழக்கில் தோற்றார். தம்பியை 'காட்டிக் கொடுத்தவன்' என்றார். சித்தப்பா கொடைக்கானல் மலைமேல் இருக்கும் கூக்கால் கிராமத்துக்குப் போய், உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிடத் தொடங்கினார்.

சில ஆண்டுகள் கழித்து என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவின் மூத்த சகோதரியான அத்தை எங்களோடுதான் இருந்தார். கடையில் பாதி அவர் கைக்குள். பத்திரிகை அச்சடிக்கும் முன் அவர் கேட்டார்:

"ஏலே, பொறந்தவன் இல்லாமப் பந்தல் போடப் போறியா?"

"அவன் பேச்ச எடுக்காதீங்கக்கா."

அந்த வாரம்தான் கடைச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். கொடைக்கானலில் சீசனை ஒட்டிப் பட்டிமண்டபம்: 'உயர்ந்த தம்பி யார்? பிரிந்து போனவனா, உடன் நின்று மடிந்தவனா?' அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாடிக்கையாளர்கள் கேட்கவே அறிவித்தார்:

"பிரிஞ்சு போனவன்தான் ஒசத்தின்னு படிச்சவங்க தீர்ப்புச் சொல்லட்டும். நானே கூக்காலுக்குப் போயி எந் தம்பியக் கூட்டியாறேன். இல்லேன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சது."

அடிவாரமே இரண்டு கட்சியாயிற்று. தேங்காய்க்கடைக்காரர் பிரிந்தவன் பக்கம். பூக்கட்டும் பெண்கள் மடிந்தவன் பக்கம். காவியத்தை அதுவரை தொடாதவர்களெல்லாம் என்னிடம் வந்து கதை கேட்டார்கள். பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்த எனக்கு அந்த நாட்களில் தூக்கமே பிடிக்கவில்லை. அக்காவோ நகைக்கும் புடவைக்கும் முகம் கொடுக்காமல், "சித்தப்பா வருவாரா?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டு வழியாகச் சுற்றி, அத்தையும் நாங்களும் அடிவாரத்துக்காரர்களுமாகப் பஸ்ஸில் மலையேறினோம். வளைவுகளில் அக்கா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தாள். கொடைக்கானலில் ஹால் நிரம்பி, சன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். பின்வரிசைக்கும் பின்னால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரோரம் சித்தப்பா. அப்பாவின் சபதம் கிழங்கு லாரிகளோடு கூக்கால்வரை ஏறியிருந்தது.

முதலில் பேசிய விமர்சகர் பிரிந்தவனுக்காக வாதாடினார். இரத்த உறவைவிட அறம் பெரிதென்று கண்ட முதல் மனிதன் அவன். வீட்டுக்குள் உண்மை சொன்னவனுக்கு வீடு இல்லாமல் போவதைக் காவியம் தயங்காமல் காட்டுகிறது என்றார். நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்தவர் மெலிந்தவர், மைக்கே தேவைப்படாத குரல். "பிரிந்தவன் சொன்ன அதே புத்தியை மடிந்தவனும் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். சொல்லிவிட்டு அவனுக்காகவே சாகப் போனான். கவிஞர் ஒருவனுக்கு முடியைக் கொடுத்தார். மற்றவனுக்குத் தம் கண்ணீரைக் கொடுத்தார். எதை உயர்ந்தது என்பீர்கள்?" என்றார். ஹால் அதிர்ந்தது. அந்த வாதத்தின் அழகில், பிரிந்தவன் கட்சியான நானும் கைதட்டிவிட்டேன்.

நடுவர் முதியவர். இரு பக்கத்தையும் நிதானமாக எடைபோட்டு, உடன் நின்று மடிந்தவனே உயர்ந்தவன் என்று முடித்தார்.

அக்கா என் தோளில் முகம் புதைத்தாள். சித்தப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தார். அப்போது பெண்கள் வரிசையில் அத்தை எழுந்து நின்றார்.

"தீர்ப்பு நல்லாத்தான் இருக்குங்கய்யா. ரெண்டு தம்பியும் ஒரே புத்தியத்தான் சொன்னாங்கன்னீங்க. அதக் கேக்காம ஒருத்தன் இருந்தானே, அந்த அண்ணனப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்க."

"அண்ணன்தான்யா வீரன்!" என்று சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு.

நடுவர் மறுபடி மைக்கைப் பிடித்தார். "அவனுடைய வீரத்தைப் பற்றி, பெருமையைப் பற்றி, விமர்சகர்களுக்குள் நூறு கருத்து உண்டம்மா. தம்பிகள் பேச்சை அவன் கேட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் இதுவரை யாரும் வேறுபட்டதில்லை."

எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனைபேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தத் தம்பி உயர்ந்தவன் என்று வாரக்கணக்கில் சண்டையிட்ட நாங்கள், இந்தக் கதையில் அண்ணன் யார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அப்பா முகம் சிவந்து எழுந்தார், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"ஏலே! எங்க போற?"

சித்தப்பா நின்றார். "தீர்ப்பு எனக்கு எதிரால்ல வந்துருக்குண்ணே."

"எனக்கும் எதிராத்தாம்ல வந்துருக்கு. வெரசா வா, கடைசி பஸ் போயிரும். கல்யாண சோலி தலைக்குமேல கெடக்கு."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சித்தப்பா போட்டிருந்த உடையோடு பஸ் ஏறினார். இறங்கும் வழியெல்லாம் ஒரே கூச்சல். அப்பா வெட்கத்தை மறைக்க அத்தையைச் சீண்டினார்:

"என்னைய அரக்கனாக்கிட்டீங்க. கதையில நீங்க யாருக்கா? மூக்கறுபட்டவளா?"

"அது தங்கச்சிலே. நான் அக்கா. எம் மூக்கு பத்திரமா இருக்கு."

சித்தப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்றவர் அவர்தான். அப்பா அவருக்கு ஒரு அடி பின்னால் நின்றார். அந்தச் சந்து வழக்கைப் பற்றி அவர்கள் பிறகும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அத்தை முதலில் போனார். பிறகு அப்பா, அடுத்து சித்தப்பா. அன்று அந்த பஸ்ஸில் இறங்கி வந்த எங்கள் குடும்பத்தில், இப்போது அக்காவும் நானும் இருக்கிறோம்.