சாம்பல் கரைத்த மறுநாள் எழுதிய பரீட்சை

மகனின் சாம்பலைக் கரைத்த மறுநாளே மருமகளைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கு நான் விரட்டியதாக உறவில் பேசுகிறார்கள். தவறு. அவளேதான் கிளம்பினாள், நான் துணைக்குப் போனேன்.

அந்தப் பருவத்தில் அவளுடைய மதிப்பெண் சரிந்தது.

இன்று கோயம்புத்தூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சிக்கு இடம் கேட்டோம்.

"மார்க் கம்மியா இருக்குதுங்களே, அம்மணி?" என்றார் வக்கீல்.

"என்ற ஊட்டுக்காரர் தவறிப்போன நேரமுங்க சார்," என்றாள் மருமகள்.

"அத்தனை துக்கமிருந்தா பரீட்சைக்கே போயிருக்க மாட்டீங்களே? மறுநாளே போய் எழுதிப்போட்டு, இப்பச் சலுகை கேட்டா எப்படிங்க? இடமில்லைங்க."

மருமகள் சான்றிதழ்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

உறவினர்களாவது பழியை என்மேல் போட்டார்கள். இவர் அவள்மேலேயே போட்டுவிட்டார்.

வக்கீல் ஐயா, இந்தப் பதிவை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். அவளுக்கு இடமில்லை என்பதை, நீங்கள் சொன்ன அதே காரணத்தோடு, கையெழுத்திட்டு எழுதி அனுப்புங்கள்.