பொத்தான் இல்லாத மிஷின்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. பல வருடமாக மரம் அறுக்கும் மிஷின் பழுது பார்க்கிறவன் நான். இருட்டைக் கண்டு பயந்த ஆளும் இல்லை. நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். இந்த மிஷினை, அதாவது செயின்சாவை, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்வோம். உள்ளே அடைபட்ட காற்று கயிற்றைத் திரும்ப இழுக்கும். பெரிய மிஷின் என்றால் விரலையே பிடுங்கும். அதற்காகத்தான் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் வைத்தார்கள், அதுதான் வால்வு. கட்டைவிரலால் அமுக்கினால் 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் காற்று வெளியேறும், கயிறு லேசாக வரும். இன்ஜின் பிடித்ததும் பொத்தான் 'டக்' என்று தானே வெளியே வந்துவிடும். பொத்தான் இல்லாத பழைய மிஷின்களிடம் இந்தச் சலுகை கிடையாது. மெதுவாக இழுத்து, முட்டுகிற இடம் பார்த்து, அங்கிருந்து ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். தப்பினால் தோள்பட்டை காலி.

அன்று மதியம் என் பட்டறைக்கு முன்பின் தெரியாத ஒருவர் பழைய பெரிய மிஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரம் வெட்டுகிறவர். வயது அறுபது இருக்கும்.

"துடைச்சு யாருக்காவது குடுத்துடுங்க. என் கண்ணுல படக்கூடாது."

"ஓடுமாங்க?"

"ஓடும். ஆனா நீங்க ஓட்டாதீங்க."

போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சொன்னால் கேட்கிற ஆளா நான்? பெட்ரோல் ஊற்றி இழுத்தேன். கயிறு கைப்பிடியைப் பிடுங்கி என் விரல் முட்டியிலேயே ஓர் அடி போட்டது. பொத்தான் இருக்கிறதா என்று சுற்றிலும் தடவினேன். அழுக்கும் கிரீஸும்தான் அப்பியிருந்தது. 'அந்தக் காலத்து ஆளா நீ, சரி' என்று ஓரமாக வைத்தேன்.

மாலை 6.40. காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கரண்ட் போனது. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி டார்ச்சோடு முற்றத்தில் வந்து நின்று கத்தினாள்.

"மிஷினுக்குத் தாலாட்டு பாடினது போதும், வாங்க!"

சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கப் போனேன். மடமடவென்று ஒரு சத்தம். டார்ச் வெளிச்சம் அணைந்தது.

மதில் ஓரத்து மரம் சாய்ந்திருந்தது. அவள் மழைநீர் வாய்க்காலுக்குள் கிடந்தாள். தொடை பருமன் கிளை ஒன்று இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. தண்ணீர் அவள் மார்பு வரை. ஏறிக்கொண்டே இருந்தது.

தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பட்டறைக்கு ஓடினேன். என் சொந்த மிஷினை, பொத்தான் வைத்த நல்ல மிஷினை, முந்தின நாள்தான் பக்கத்துத் தெருக்காரருக்குக் கொடுத்திருந்தேன். மற்றதெல்லாம் பிரித்துப் போட்டவை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். ஓடக்கூடியது ஒன்றே ஒன்று.

அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சோக்கை இழுத்தேன். காலால் மிதித்துக் கயிற்றை இழுத்தேன்.

பிடுங்கியது.

மறுபடி. விரல் கிழிந்தது. ரத்தமா மழையா தெரியவில்லை. தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

அப்போது அவள் பேசினாள்...

"அமுக்கு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. மிக்ஸியைத் தவிர எந்த மோட்டாரையும் தொட்டதில்லை.

"என்னம்மா?"

"அமுக்குண்ணே... கட்டைவிரலால அமுக்கு."

அண்ணே...

வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். "இதுல பொத்தானே இல்லடி!" என்று அலறினேன். அலறிக்கொண்டே கை தானாகத் தடவியது.

இருந்தது.

மெத்தென்று இருந்தது. கொட்டுகிற மழையில் அது மட்டும் இளஞ்சூடாக...

அமுக்கினேன். ஸ்ஸ்ஸ்...

கயிறு லேசாக வந்தது.

இன்ஜின் பிடித்தது. டக்.

ஏதோ ஒன்று என் கட்டைவிரலைத் தள்ளிவிட்டது.

கிளையை அறுத்தேன். அவளை வெளியே இழுத்தபோது தண்ணீர் உதட்டைத் தொட்டிருந்தது. இடுப்பு எலும்பில் விரிசல், உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். அன்றைக்கு என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, பகலில், மிஷினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். வால்வுக்கான ஓட்டை இருந்தது. வால்வு இல்லை. அந்த ஓட்டையில் ஒரு போல்ட். மேலே பெயின்ட் அடித்து, அதன்மேல் துருவும் ஏறியிருந்தது. வருடக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்க முடியாது.

பெரியவருக்குப் போன் செய்தேன். மாலையே வந்துவிட்டார். மரம் விழுந்ததையும் அறுத்ததையும் மட்டும்தான் சொன்னேன். அவர் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பியும் இப்படித்தான் மாட்டினான். ஓடைக்குள்ள. பொத்தானை அமுக்கிட்டுத்தான் இழுக்கணும், தினமும் செய்யற வேலை. பதட்டத்துல மறந்துட்டேன். வெறுமனே இழுத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி ஏறிடுச்சு. அவன் என்னமோ கத்துனான். மழையில எனக்குக் கேக்கல. அப்புறம்தான் இதுல இருந்த பொத்தானைப் புடுங்கி எறிஞ்சுட்டு இந்த போல்ட்டை முறுக்கினேன்."

தம்பி என்ன கத்தினான் என்று எனக்குத் தெரியும்.

"உங்க வீட்டம்மாவ ஒரு தடவ பாக்கலாமா?" என்றார்.

அழைத்துப் போனேன். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். அவரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாசலில் அவர் நிழல் விழுந்ததும் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"ஏண்ணே இவ்ளோ நேரம்?"

பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நொடி அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க... யாரு இவரு? எதுக்கு அழறாரு?"