உப்பில் கிடந்த போன்

அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. கருவாட்டு வாடையில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் ஒரு செல்போனின் வயிற்றுக்குள்ளிருந்து அது வரும் என்று நினைத்ததில்லை.

அப்போது பூதப்பாண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை கடற்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், அம்மா கருவாட்டுச் சாடிக்குள் கையை விட்டு, உப்பைத் தட்டி, தன் போனை எடுத்து நீட்டினாள். மீன் கழுவும்போது இடுப்பிலிருந்து அண்டாவுக்குள் விழுந்துவிட்டதாம். இரத்தமும் செதிலும் மிதக்கிற தண்ணீர். எடுத்து முந்தானையில் துடைத்து, கீறிய சாளை மீன்களுக்கு நடுவே உப்பில் புதைத்து வைத்திருக்கிறாள்.

"யாராவது போன உப்புல போடுவாளாம்மா?"

"மீன்ல உள்ள தண்ணியையே உப்பு இழுத்துருது. போன்ல உள்ளத இழுக்காதா மக்கா?"

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு போனாக இருந்தால் அப்படியே குப்பையில் வீசியிருப்பேன். இதில் அப்பாவின் குரல் இருந்தது.

அப்பா உயிரோடுதான் இருந்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்து, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் மீன் லோடோடு அஞ்சுகிராமம் பக்கம் போனால், வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுவார். அவருடைய போன் ஆஸ்பத்திரியில் தொலைந்துபோனது. மிஞ்சியது அம்மாவின் போனில் இருந்தது மட்டும். மீன் வெட்டும்போது அதைப் போட்டுக் கேட்பாள். தன் குரல் கேட்டதும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

நாகர்கோவிலில் போன் ரிப்பேர் கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார். முகத்தைச் சுளித்தார். உடனே மூடினார். "அக்கா, இது போனா கருவாடா? கடைக்கு வேற ஆளு வரண்டாமா?" என்று இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. நானே சரிசெய்து பார்க்கலாம் என்று புது பேட்டரியும் ஸ்பீக்கரும் குட்டித் திருப்புளி ஒன்றும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். எப்படிக் கழற்றுவதென்று நான் பார்த்த வீடியோவில் ஒருவன் வெள்ளைக் கையுறை போட்டு, பளபளக்கும் போன் ஒன்றைப் பூப்போலத் திறந்தான். அவன் வந்து என் அம்மா போனைத் திறக்கட்டும் பார்க்கலாம். திருகாணிகள் துருப்பிடித்துக் கிடந்தன. நெம்பித்தான் எடுத்தேன். உள்ளே உப்பும் மீன் கொழுப்பும் குழைந்து சளி போல ஒட்டியிருந்தது. செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்பீக்கர் வலையில் ஒரு செதில். குண்டூசியால் தள்ளினேன், தெறித்து வந்து என் உதட்டில் ஒட்டியது. ஓங்கரித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

வாயைக் கழுவிவிட்டு வந்தபோது போனுக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருந்தன. அப்பாவின் மருந்துப் பெட்டியில் உள்ளவை. அவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துப் போர்டைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வாடை கூடியது. நகக்கண்ணெல்லாம் வழவழப்பு. பள்ளிக்கூட யூனிஃபார்மில் நாறியது, கல்யாணப் புடவையில் நாறியது, இனி போனிலுமா? "இந்த வீட்டுல மீன் நாத்தம் அடிக்காத சாமான் ஒண்ணாவது உண்டா?" என்று கத்தினேன். அடுப்படி வாசலில் நின்ற அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, புது ஸ்பீக்கரைப் பொருத்தி, பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் கழற்றி, பேட்டரி தொடும் முனைகளில் மிச்சமிருந்த பச்சையைச் சுரண்டினேன். இப்போது திரை மினுங்கி எரிந்தது. ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை, அது கடைசிவரை போகவில்லை.

அம்மா போனைப் பறித்தாள். வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, எது எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் ஒன்றை அழுத்தினாள். அப்பாவின் பழைய குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏட்டி, நேத்து போட்ட சாளையில புழு வச்சிட்டு. உப்பு காணாது. எத வச்சாலும் உப்ப அள்ளிப் போடு. உப்புல கெடந்தா ஒண்ணும் கெட்டுப்போவாது, கேட்டியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "கேட்டியா? உங்கப்பா சொன்னததான் செஞ்சேன்."

அப்பா எழுந்து போகவில்லை. தோள்கள் குலுங்க, கழுத்துத் துளை வழியாகக் காற்று மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு போனைக் காட்டி, இன்னொரு தடவை என்று விரலை ஆட்டினார்.

நான் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். விரல் நாற்றத்தில் மறுபடியும் ஓங்கரிப்பு வந்தது. அம்மா மறுபடியும் போட்டாள்.