ஆக்சிஜன் மிஷினுக்குத் தைத்த உறை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் எழுத வந்தது ஒரு துணி உறையைப் பற்றி. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் இருக்கும் டீச்சர், நீலப் பூ போட்ட தன் பழைய புடவையைக் கிழித்து அதைத் தைத்தார். ஃபிரிட்ஜ், வாஷிங்மிஷின், மிக்ஸி என்று அந்த வீட்டில் உறை போடாத சாமானே கிடையாது. அவற்றுக்கெல்லாம் நான்தான் மெக்கானிக். டீச்சரின் கணவரை நான் சார் என்று கூப்பிடுவேன். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஃபிரிட்ஜைப் பார்க்கப் போனபோது டீச்சர் கேட்டார்: "இதையும் தூசி படாம மூடி வைக்கலாமா தம்பி?"

அந்த மாதிரி மிஷினை நான் தொட்டதுகூட இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "மூடி வைங்க டீச்சர், நல்லதுதான்" என்றேன். எல்லா வீட்டிலும் எல்லா மிஷினுக்கும் நான் சொல்கிற பதில் அது.

நாலு நாள் கழித்து, விடாத மழை. காலையில் டீச்சர் போன் செய்தார். மிஷின் கத்திக்கொண்டே இருக்கிறதாம், கையிருப்பு சிலிண்டர் தீரப்போகிறதாம், கம்பெனி ஆள் தண்ணீர் வடிந்தால்தான் வருவானாம். முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சார் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கிக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. அப்படியும் என்னைப் பார்த்து, "இன்னாப்பா... எனக்கும்... கேஸ் ஏத்தணும்பியா?" என்றார், ஃபிரிட்ஜுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை வைத்து.

பையைத் திறந்தேன். எந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது என்றே தெரியவில்லை. மிஷின்மேல் கை வைத்தால் உறைக்கு மேலேயே சுட்டது. பின்பக்கம் தடவினேன். காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டைகளில் நீலப் பூத்துணி உறிஞ்சப்பட்டு அப்பிக்கொண்டிருந்தது. உறையை உருவி எடுத்து, உள்ளே தூசி வடிகட்டும் பஞ்சைத் தட்டி மறுபடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. சாரின் தோள் மெல்ல இறங்கியது.

உறை என் ஈரக் கையில் சுருண்டு கிடந்தது. அந்த ஒரு பதிலில் ஒரு மனிதனைக் கொன்றிருப்பேன்.

வாசலுக்கு வந்ததும், "நான்தான் டீச்சர் மூடச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் மெதுவாக. "கூப்பிட்டா வர்றது நீங்க ஒருத்தர்தான். உங்க மேலயும் நம்பிக்கை போச்சுன்னா மனுஷன் பயந்துடுவாரு."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

போன வாரம் டீச்சர் மறுபடி போன் செய்தார். சாருக்குப் புது மிஷின் வந்திருக்கிறது, ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

"அது எனக்குத் தெரியாத மிஷின் டீச்சர்" என்றேன்.

"இத்தனை வருஷத்துல இப்பதான் இதைச் சொல்றீங்க" என்றார். "வாங்க. புத்தகம் கொடுத்திருக்காங்க, நான் படிக்கிறேன், நீங்க பாருங்க."

இதை எழுதியது: கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.